நாலாம் பக்கத்தில் ஒரு சாண்

“சார், நாலாம் பக்கத்துல ஒரு சாண் வெள்ளையா கீது. இன்னா போடட்டும்?”

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து அச்சகக்காரர் மெஹபூப் அலி போனில் கேட்டார். ராஜா அண்ணாமலைபுரம் கோமதிநாயகம் கலை அறிவியல் கல்லூரியின் வேதியியல் துறையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் கஸ்தூரிரங்கனுக்கு, அது ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்போலக் கேட்டது. வலது காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, “மறுபடி சொல்லுங்கோ பாய்” என்றார்.

மெஹபூப் அலி மறுபடி சொன்னார்.

“வெள்ளையாவா? அங்கே கபடி நியூஸ்னா இருந்தது?”

“அத எடுக்கச் சொல்லி உங்க பி.டி. மாஸ்டர் காலைல போன் பண்ட்டாரு சார். நேத்து டீம் தோத்துட்சாம்.”

கஸ்தூரிரங்கன் கண்ணை மூடிக்கொண்டார். ‘கபடியில் நம் கல்லூரி மாபெரும் வெற்றி’ என்று அவர் போன வியாழக்கிழமையே எழுதி அனுப்பியாகிவிட்டது. ஆட்டம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. ஒரு நிகழ்ச்சி நடப்பதற்கு முன்பே அதை எழுதி முடித்துவிடுவது அவர் வழக்கம். பதினோரு வருஷத்தில் எந்த மரம் நடு விழாவும், எந்த ரத்த தான முகாமும் அவர் எழுதியதற்கு மாறாக நடக்கத் துணிந்ததில்லை. இந்தக் கபடிப் பையன்கள்தான் கொஞ்சம்கூடப் பொறுப்பில்லாமல் தோற்றுவிட்டு வந்திருக்கிறார்கள்.

“ஏதாவது விளம்பரம் போட்டு ரொப்புங்கோ பாய்.”

“எங்க அச்சகத்து விளம்பரத்தையே மூணு எடத்துல போட்டுட்டேன் சார். நாலாவது போட்டா உங்க காலேஜு பத்திரிகையா எங்க பத்திரிகையான்னு கேப்பாங்க. பத்து நிமிசம் டைம் தரேன். மெசின் சும்மா நின்னுகினு கீது.”

போன் அணைந்தது.

கல்லூரியின் மாதப் பத்திரிகை ‘வளாக முரசு’. நாலு பக்கம். முழுதாகப் படிப்பவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் முதல்வர் விசாலாக்ஷி. தன் படம் எத்தனை இடத்தில் வந்திருக்கிறது என்று பார்ப்பார். இன்னொருவர் மெஹபூப் அலி. அவருக்கு வேறு வழியில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆசிரியர் கூட்டத்தில், “மேடம் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு” என்று நல்லெண்ணத்தில் வாயைத் திறந்தார் கஸ்தூரிரங்கன். அன்று மாலையே ஆசிரியர் பொறுப்பு அவர் தலையில் இறங்கியது. அதற்கப்புறம் அவர் எந்தக் கூட்டத்திலும் கொட்டாவிக்குக்கூட வாயைத் திறந்ததில்லை.

வருகிற மே மாதக் கடைசியில் ஓய்வு. முப்பத்து மூன்று வருஷம், ஒரு மெமோ வாங்கியதில்லை. இன்னும் நாலு மாதம் இப்படியே நகர்ந்துவிட்டால் போதும். ஜூன் முதல் தேதி காலை பதினொரு மணிவரை தூங்குவது என்று நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தார். ஆனால் கடைசி நேரத்தில் யார் மேலாவது விசாரணை வந்தால், ‘ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை’ என்று ஓர் ஆணை வரும். அந்த மூன்று சொற்களை நினைத்தாலே அவர் எழுந்துபோய் நாள்காட்டியில் வட்டம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். வேலை போனால்கூடப் பரவாயில்லை. வேலை போகவே போகாது என்றால் மனுஷன் என்ன செய்வான்?

தூக்கம் வேறு இல்லை. மந்தைவெளியில் அவர் குடியிருக்கும் தெருவுக்கு அடியில் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுகிறார்கள். மூன்று வாரமாக அந்த இயந்திரம் அவருடைய தலையணைக்கு நேர் கீழே முகாமிட்டிருப்பதாக அவர் நம்பினார். பூஜை அறையில் பெருமாள் படத்தோடு தினம் ஒரு விரற்கடை வடக்கே நகர்ந்து, இப்போது காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு வைக்கத் தொடங்கி, பகலிலும் எடுக்க மறந்து, இப்போது பஞ்சு அவர் காதின் ஓர் அங்கமாகிவிட்டது.

பத்து நிமிஷத்தில் மூன்று போய்விட்டது.

பொய்தான் எழுதியாக வேண்டும். ஆனால் யாரும் மறுக்க முடியாத பொய்யாக இருக்க வேண்டும். யோசித்தவருக்கு ஒளி பிறந்தது. சனிக்கிழமை! கருத்தரங்கக் கூடம்!

அந்தக் கூடம் அன்று காலியாக இருந்தது என்பதற்கு அவரே கண்கண்ட சாட்சி. வீட்டில் சுரங்கச் சத்தம் தாங்காமல், விடுமுறை நாளானாலும் கல்லூரிக்கு வந்து, காலை ஒன்பது மணிக்கு அந்தக் கூடத்தின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், ஏசிக்குக் கீழே விடைத்தாள் திருத்த உட்கார்ந்தார். எழுந்திருந்தபோது மணி நாலரை. திருத்தியிருந்தது இரண்டு தாள். நடுவில் கொஞ்சம் கண் அசந்திருக்கும், அது வேறு விஷயம். பக்கத்து நாற்காலியில் வெள்ளிக்கிழமை விழாவில் யாரோ மறந்துவிட்டுப்போன புளியோதரைப் பொட்டலம் இருந்தது. அதையும் சாப்பிட்டுவிட்டு இறங்கினார். வாசலில் அலுவலக உதவியாளர் முருகையன் மட்டும்தான் நின்றிருந்தான். முருகையனுக்கு முதல்வரிலிருந்து முதலாண்டு மாணவன்வரை எல்லாரும் ‘நீ’தான்.

“இன்னா சார், நல்ல ரெஸ்ட்டா?”

“முருகையா, நான் இங்கே இருந்ததை யார்கிட்டயும் சொல்லிண்டிருக்காதே.”

“நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்? இனிமே சொல்றதுக்கு இன்னா கீது?” என்று அவன் பல் தெரியச் சிரித்தான். நல்ல மனுஷன்.

ஆகவே, கூடம் காலி. சாட்சி அவர் ஒருவர். கஸ்தூரிரங்கன் பேனாவை எடுத்தார். மை தானாக ஓடியது.

‘கடந்த சனிக்கிழமை நம் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் ஆசிரியர்களுக்கான ஒருநாள் பயிற்சி இனிதே நடைபெற்றது. முதல்வர் விசாலாக்ஷி குத்துவிளக்கேற்றித் தொடக்கவுரை ஆற்றினார். பணிக்களைப்பை வெல்வது எப்படி என்று கோவைப் பயிற்றுநர் முனைவர் செம்பியன் விளக்கினார். “முதலில் உங்கள் தோள்களை மறந்துவிடுங்கள்” என்ற அவரது கூற்று அனைவரையும் கவர்ந்தது. அறுபது பேர் பயன்பெற்றனர். மதியம் புளியோதரை வழங்கப்பட்டது.’

படித்துப் பார்த்தவருக்கே மெய்சிலிர்த்தது. செம்பியனாம், கோவையாம், தோள்களாம்! இப்படியெல்லாம் கற்பனை ஓடுமென்று தெரிந்திருந்தால் வேதியியலுக்கே வந்திருக்க வேண்டாம். படம் பிடித்து வாட்ஸப்பில் மெஹபூப் அலிக்கு அனுப்பினார். போனில் ‘ஊழியர் அறிவிப்புகள்’ குழுவில் படிக்காத செய்தி 2,317 என்று காட்டியது. தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொல்லும் அந்தக் குழுவின் வாயை அவர் கொரோனாக் காலத்திலேயே அடைத்துவிட்டார்.

முரசு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. பத்து மணிக்குப் பொருளியல் துறை சாய்நாத் உள்ளே நுழைந்தான். இருவர் குடும்பமும் பல தலைமுறையாக மயிலாப்பூர் என்பதால் அவனுக்கு இவர் மாமா.

“மாமா, பிரமாதம்! அப்படியே வார்த்தை தப்பாம போட்டிருக்கேளே!”

“என்ன வார்த்தை?”

“தோள்களை மறந்துவிடுங்கள்! எனக்கு இன்னும் காதுலயே நிக்கறது. ஆத்துல போய் அம்மாகிட்ட சொன்னேன். ‘முதல்ல நீ போனை மறந்துட்டு சாப்பிட வா’ன்னா.”

கஸ்தூரிரங்கன் அவனை உற்றுப் பார்த்தார். “நீ அந்தப் பயிற்சிக்கு… வந்திருந்தியா?”

“என்ன மாமா இப்படிக் கேக்கறேள்? ரெண்டாவது வரிசை. அப்புறம்தான் எல்லாரும் இடம் மாறி உக்காந்தோமே.”

அடப்பாவி என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அவருக்குப் பெரிய ஆச்சரியமில்லை. அந்தக் கல்லூரியில் பயிற்சிக்குப் போவது என்றால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பேனர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு வாசனை வரும்போது திரும்ப வருவது. கையெழுத்தும் பேனரும் இல்லாமலே ஒருவன் பயிற்சிக்கு வந்திருக்கிறான் என்பதுதான் புதிது.

பதினொரு மணிக்கு ஒப்பந்த விரிவுரையாளர் ஷண்முகப்ரியா வந்து கதவோரமாக நின்றாள்.

“சார், சர்ட்டிபிகேட் எப்ப சார் கிடைக்கும்?”

“எந்த சர்ட்டிபிகேட்?”

“சனிக்கிழமைப் பயிற்சிக்கு சார். வருஷத்துக்கு மூணு பயிற்சி காட்டினாத்தான் எனக்கு ரினீவல். ரெண்டு இருக்கு. ஆபீஸ்ல கேட்டா ‘ரெடியாகுது, ரெடியாகுது’ன்றாங்க. நீங்கதானே செய்தி போட்டீங்க, அதான் உங்களைக் கேக்கலாம்னு…”

சாய்நாத் புளுகினால் சிரித்துவிடலாம். இந்தப் பெண் கண்ணில் நீர் முட்ட நின்றுகொண்டிருந்தாள். “நடக்காத பயிற்சிக்கு ஏதம்மா சர்ட்டிபிகேட்” என்று கேட்கக் கஸ்தூரிரங்கனுக்கு நாக்கு எழவில்லை.

“நாளைக்குத் தரேன், போ” என்றார்.

அவள் போனதும் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போன் போட்டார். “பாய், இங்கே டீச்சர் ஒருத்திக்கு சர்ட்டிபிகேட் வேணும். அவசரமா அறுபது அடிக்கணும். வெளியே மூச்சு விடப்படாது.”

“ஒண்ணு போதாதா சார்?”

“ஒருத்திக்கு மட்டும் குடுத்தா மத்த அம்பத்தொம்பது பேரும் ‘எங்களுக்கு எங்கே’ன்னு வந்து நிப்பா பாய். எங்க காலேஜைப்பத்தி உங்களுக்குத் தெரியாது.”

போனை வைத்தபோது முருகையன் எட்டிப் பார்த்தான். “மேடம் இட்டாரச் சொல்ச்சு சார்.”

முதல்வர் விசாலாக்ஷியின் மேஜையில் முரசு விரிந்து கிடந்தது. நாலாம் பக்கம். பிடிபட்டாயிற்று.

“உக்காருங்கோ. இது நீங்க எழுதினதா?”

“மேடம், அது வந்து… ஒரு சாண் இடம்…”

“ஒரு சாண் போறுமா? நான் இருபது நிமிஷம் பேசினேன். ‘தொடக்கவுரை ஆற்றினார்’னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டேளே!”

கஸ்தூரிரங்கன் வாய் திறந்தபடியே நின்றது. முதல்வருமா?

“நீங்க… இருபது நிமிஷம்…”

“சரி, அன்னிக்கு நீங்க இருந்த நிலைமைல அதெல்லாம் கவனிச்சிருக்க முடியாது, விடுங்கோ.” அவர் பெருந்தன்மையாகக் கையை அசைத்தார். “வியாழக்கிழமை தரக்குழு வரா. இந்த வருஷம் ஆசிரியர் பயிற்சிதான் முதல்ல பார்ப்பாளாம். அந்த ஃபைல் உங்க பொறுப்பு. செய்தி இருக்கு; போட்டோவும் ஃபைல்ல இருக்கணும். போட்டோ இல்லேன்னா பயிற்சியே நடக்கலைன்னு எழுதிட்டுப் போயிடுவா. அப்புறம் விசாரணை, மெமோன்னு யார் தலை உருளும்னு நான் சொல்ல வேண்டாம்.”

“போட்டோ எடுத்துடறேன் மேடம்.”

“எடுத்துடறேளா?”

“ஃபைல்ல போட எடுத்துடறேன்னு சொன்னேன்.”

வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரிய உண்மை இன்றைக்குத்தான் புரிந்தது. ஓர் ஆள் பொய் சொன்னால் பிடித்துவிடலாம். அறுபது பேரும் சேர்ந்து சொன்னால் அதை மறைக்கவும் போட்டோ எடுக்கவும் முதல் பொய் சொன்னவன்தான் அலைய வேண்டும்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு மெஹபூப் அலியே பைக்கில் வந்து இறங்கினார். பின்னால், முந்தின நாள் மாலை சொல்லிவைத்த பேனர், சுருட்டியபடி. முன்னால் சான்றிதழ்க் கட்டு. பேனரை விரித்தால் போன சனிக்கிழமைத் தேதி பளிச்சென்று இருந்தது.

“சார், தேதி தப்பா போட்டுட்டீங்களா? இன்னிக்கி புதன்.”

“சரியாத்தான் போட்டிருக்கு. பேசாம மாட்டுங்கோ.”

சான்றிதழ்களில் பயிற்றுநர் கையெழுத்து வேண்டும். கஸ்தூரிரங்கன் தன் கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால் ‘செம்பியன்’ என்று அறுபது முறை போட்டார். முதல் பத்தில் செம்பியன் முனைவராக இருந்தார். முப்பதுக்கு மேல் வாதநோயாளியானார். கடைசி ஐந்தில் அவர் எழுதப் படிக்கவே தெரியாதவராகிவிட்டார்.

இடைவேளையில் ஆசிரியர்களைக் கூடத்துக்கு வரவழைத்தார். அவர்கள் காலை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

“மறுபடியுமா சார்?” என்றாள் ஷண்முகப்ரியா.

“அதான் அன்னிக்கே எடுத்தாளே மாமா! எல்லாரும் கண்ணை மூடிண்டிருக்கோம்னு திரும்ப எடுக்கறேளா?” என்றான் சாய்நாத்.

என்ன நடிப்பு! பேனர் முன்னால் போய் நிற்கச் சொன்னதும் அறுபது பேரும் மறுபேச்சில்லாமல் உயரவாரியாக நின்றுகொண்டார்கள். பேனர் என்றால் நிற்பது அவர்களுக்கு உடம்பில் ஊறிவிட்டது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடுவில் ஓரிடம் காலியாக இருந்தது. செம்பியன் இல்லாமல் செம்பியன் பயிற்சி எப்படி? கஸ்தூரிரங்கன் சுற்றுமுற்றும் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மெஹபூப் அலி கண்ணில் பட்டார்.

“பாய், ஒரு நிமிஷம் இங்கே வந்து நில்லுங்கோ.”

“நான் எதுக்கு சார்? எனக்கு ஆலந்தூர்ல டெலிவரி கீது.”

“ஒரே நிமிஷம். இந்தப் பொன்னாடையைப் போத்திக்கோங்கோ. கொஞ்சம் களைப்பில்லாத மாதிரி சிரிங்கோ.”

“இன்னா சார், ஒண்ணும் புரியலையே. என்னை எதுக்கு கௌரவிக்கிறீங்க?”

“பதினோரு வருஷமா எங்க பத்திரிகையைப் படிச்சதுக்கு.”

அந்த நியாயம் மெஹபூப் அலிக்குப் பட்டது. கண் கலங்கப் போர்த்திக்கொண்டார். “இவர் யாரு சார்?” என்று ஷண்முகப்ரியா கிசுகிசுத்தாள். “கேக்காதேம்மா, இந்தா உன் சர்ட்டிபிகேட்” என்றார் கஸ்தூரிரங்கன். அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் கேட்கவில்லை. படம் எடுத்தாயிற்று.

ஃபைலைக் கட்டி அலுவலகத்தில் சேர்த்துவிட்டு, அப்பாடா என்று அவர் நாற்காலியில் சாய்ந்தபோது போன் அடித்தது. புது நம்பர்.

“வணக்கங்க. கஸ்தூரிரங்கன் ஐயாங்களா?”

“ஆமாம். நீங்க?”

“நான் கோயமுத்தூர்ல இருந்து செம்பியன் பேசறனுங்க.”

கஸ்தூரிரங்கன் எழுந்து நின்றுவிட்டார். தான் பெற்ற பிள்ளை பேசுவதைக் கேட்டுப் பூரித்தவர்கள் உண்டு. தான் பேனாவால் பெற்றவன் பேசுவதைக் கேட்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

“எந்த… செம்பியன்?”

“ஐயா நல்லா தமாஷ் பண்றீங்க. உங்க பத்திரிகைல எழுதினத மேடம் அனுப்பியிருந்தாங்க. இத்தன வருஷத்துல எத்தனையோ காலேஜுக்குப் போயிருக்கறனுங்க, உங்களை மாதிரி ஒருத்தரப் பாத்ததில்லீங்க. நாளைக்கி நேர்ல வாரனுங்க. கமிட்டிகிட்ட உங்களப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லோணும்.”

போன் கையிலிருந்து நழுவி விடைத்தாள் கட்டின் மேல் விழுந்தது. சாய்நாத்தின் வேலை! கல்லூரி ஆண்டு விழாவில் நாடகம் போடுகிற பயல்! யாரையோ பிடித்துக் கோவைத் தமிழ் பேசச் சொல்லியிருக்கிறான். எழுந்து பொருளியல் துறைக்கே போனார்.

“டேய், செம்பியனை நீதானே ஏற்பாடு பண்ணினே?”

“நானா? மேடம் ஏற்பாடு மாமா.”

கஸ்தூரிரங்கன் சுவரில் சாய்ந்தார். முதல்வரே ஆள் பிடித்திருக்கிறார். இவர் தாடி வைத்த செம்பியனை வைத்துப் படமெடுத்து ஃபைலில் போட்டாயிற்று. நாளைக்கு முதல்வர் வேறொரு செம்பியனை இறக்கப்போகிறார். ஃபைலைத் திரும்ப வாங்க அலுவலகத்துக்கு ஓடினார். பீரோவைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டார்கள்.

அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை. “என்னவாம்?” என்றாள் மனைவி. “ஒண்ணுமில்லை. ஜூன் ஒண்ணாந்தேதி காலண்டர்ல வட்டம் போட்டேனே, அதை அழிச்சுடு” என்றார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு முதல்வர் அறையில் தரக்குழு உட்கார்ந்திருந்தது. மூன்று பேர். தலைவி பேராசிரியை சாய்மா திருச்சிக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். ஃபைல் அவர் கையில் இருந்தது. முருகையன் டீக் கோப்பைகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தான்.

“ஆசிரியர் பயிற்சி ஃபைல் யாரோடது?”

“இவர்தான் மேடம். எங்க சீனியர் மோஸ்ட். வர்ற மே மாசம் ரிடயர் ஆகறார்” என்றார் விசாலாக்ஷி.

“அப்படியா?” என்று சாய்மா கேட்ட தொனியில் அந்த மே மாதம் சற்றுத் தள்ளிப்போனது. “சார், சனிக்கிழமை நடந்த ஒரே பயிற்சிக்கு இதுல ரெண்டு விதமான சர்ட்டிபிகேட் இருக்கு. ஒண்ணுல செம்பியன் நல்லா கையெழுத்துப் போடறாரு. இன்னொண்ணுல பாவம், அவருக்குக் கை வரல.”

விசாலாக்ஷி கஸ்தூரிரங்கனைப் பார்த்தார். கஸ்தூரிரங்கன் டீயைப் பார்த்தார்.

“ரெண்டு குரூப் போட்டோ வேற. ஆபீஸ் வெச்ச போட்டோல செம்பியனுக்கு வழுக்கை. நீங்க வெச்சதுல தாடி. அதே தேதி. சனிக்கிழமை பேனருக்குப் பின்னால இருக்கற கரும்பலகைல ‘புதன்கிழமை’ன்னு எழுதியிருக்கு.”

விசாலாக்ஷியின் முகம் வெளுத்தது. “கஸ்தூரிரங்கன் சார், என்ன இது? யார் இந்தத் தாடி?”

“அதோட, ஆபீஸ் போட்டோவும் எனக்குப் புரியல” என்று சாய்மா அதை உயர்த்திக் கண்ணருகே கொண்டுபோனார். “யாருமே கேமராவைப் பார்க்கல. எல்லாரும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கடைசி வரிசைல எதையோ சுத்தி…”

அப்போது வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. முருகையன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“மேடம், செம்பியன் சாரு வந்துக்கினு கீறாரு. படி ஏறிட்டாரு.”

அவ்வளவுதான். கஸ்தூரிரங்கனுக்குள் மூன்று வாரத் தூக்கமின்மையும் முப்பத்து மூன்று வருஷ அலுப்பும் சேர்ந்து ஏதோ அறுந்தது. எழுந்தார். காதிலிருந்த பஞ்சு இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார், ஆயுதத்தைக் கீழே போடுகிறவர் மாதிரி.

“அம்மா, நான் உண்மையைச் சொல்லிடறேன். அவர் படியேறி வர்றதுக்குள்ள சொல்லிடறேன். செம்பியன்னு யாரும் கிடையாது. அது நான் எழுதின பேர். நாலாம் பக்கத்துல ஒரு சாண் வெள்ளையா இருந்தது. அதை ரொப்ப ஒரு பயிற்சியை நானே கட்டிவிட்டேன். தாடி வெச்சவர் எங்க பிரஸ்காரர். அறுபது கையெழுத்தும் என்னோடது, இடது கை.”

“கஸ்தூரிரங்கன்!” என்றார் விசாலாக்ஷி.

“நீங்க தடுக்காதேள் மேடம். நீங்களும் சரி, சாய்நாத்தும் சரி, என்னைக் காப்பாத்தறதுக்காக வந்தேன், பேசினேன்னு சொன்னேள். உங்க நல்ல மனசு. ஆனா இதுக்கு மேல என்னால முடியலை. எனக்கு மெமோ குடுங்கோ, ஓய்வை நிறுத்துங்கோ, அறுபது வயசு தாண்டியும் இந்தப் பத்திரிகையை நடத்தச் சொல்லுங்கோ, எதுக்கும் தயார். அந்தச் சின்னப் பொண்ணு ஷண்முகப்ரியா மேல மட்டும் தப்பில்லை. சர்ட்டிபிகேட் நான்தான் குடுத்தேன்.”

சாய்மா கண்ணாடியைக் கழற்றினார். “சார், அப்படி ஒரு பயிற்சி நடக்கவே இல்லைன்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

“ஏன்னா அந்தக் கூடத்துல நான்தாம்மா இருந்தேன்! சனிக்கிழமை காலைல ஒன்பது மணிலேர்ந்து சாயங்காலம் நாலரை வரைக்கும், கடைசி வரிசைல. என்னைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கா கிடையாது!”

சாய்மா கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார். பிறகு கஸ்தூரிரங்கனைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார். கடைசிக் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்த முருகையன்தான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தான்.

“இன்னா சார் இப்டி சொல்ற? அந்த செம்பியன் சாரு ‘யாரும் எழுப்பாதீங்க, இவருதான் இன்னிக்குப் பாடம்’னு சொல்லி, அறுபது பேரையும் உன்னைச் சுத்தி உக்கார வச்சு, நீ உட்ட குறட்டையைக் காட்டித்தானே சார் நாள் பூரா கிளாஸ் எடுத்தாரு!”